கபடித் திடலில் தின்பண்டக் கடை: மொத்தமாகச் சரக்கு வாங்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊரில் பொங்கல் கழிந்து வரும் சனி, ஞாயிறு இரண்டு இரவும் கபடிப் போட்டி நடக்கும். வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு, பரிசுத் தொகை, லைட், ஜெனரேட்டர், மைக் செட் என்று செலவு நீண்டுகொண்டே போகும். வீடு வீடாக நன்கொடை வாங்கியும் துண்டு விழும். அந்தத் துண்டை அடைக்க, இளைஞர் மன்றத்தின் சார்பில் திடல் ஓரத்தில் ஒரு தின்பண்டக் கடை போடுகிறோம். ஆறு வருடமாக அதற்குச் சரக்கு வாங்குவது என் பொறுப்பு.

முதல் வருடம் விலையை மட்டும் பார்த்து வாங்கினேன். பொரி மலிவாகக் கிடைத்ததால் எட்டு மூட்டை ஏற்றி வந்தோம். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். கீற்றுப் பந்தலின் அடியில் வைத்திருந்த மூட்டைகளையும் அது விடவில்லை. இரண்டாம் நாள் காலையில் ஐந்து மூட்டை நமத்துப் போய்க் கிடந்தது. விற்ற மூன்று மூட்டையில் வந்த லாபம் முழுவதும் அந்த ஐந்து மூட்டையோடு போய்விட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இரண்டு நாள் கடையின் லாபத்தைத் தீர்மானிப்பது என்ன விலைக்கு வாங்கினோம் என்பதைவிட எவ்வளவு மிஞ்சியது என்பதுதான். கீழே வரும் முறை முழுக்க அந்தக் கணக்கிலிருந்து வந்தது. கோயில் கொடை, பள்ளி விளையாட்டு விழா, கிரிக்கெட் டோர்னமென்ட் என்று எதற்குக் கடை போட்டாலும் இது பொருந்தும்.

முதல் படி: ஆட்களோடு நேரத்தையும் எண்ணுங்கள்

எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். பந்தல் போடுபவரிடமும், வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன்களிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வது உண்மைக்கு அருகில் இருக்கும். உச்ச நேரக் கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு இரவில் ஒரு முறையாவது ஏதாவது வாங்குவார்கள் என்று வைத்துத் தொடங்குவது என் வழக்கம். குழந்தைகளைத் தனியாக எண்ண வேண்டும். ஒரு குழந்தை மூன்று முறை வரும்.

அதைவிட முக்கியம், அவர்கள் எப்போது கடைக்கு வருவார்கள் என்பது. ஆண்கள் கபடியில் 20 நிமிடம் ஆட்டம், 5 நிமிடம் இடைவேளை, மறுபடி 20 நிமிடம். பெண்கள் ஆட்டமென்றால் 15, 5, 15. ரெய்டு போய்க்கொண்டிருக்கும்போது யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஆகவே விற்பனை நடப்பது அந்த ஐந்து நிமிடத்திலும், ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலும்தான். ஐந்து நிமிடத்தில் அறுபது பேர் வந்து நின்றால் ஒரு ஆளுக்குக் கிடைப்பது ஐந்து நொடி. கை நீட்டியதும் கொடுக்க முடிகிற பொருளா இது என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, கலக்கிக் கொடுக்கும் பண்டம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் இடைவேளையில் வரிசையை நிறுத்திவிடும். அதை ஆட்டத்துக்கு முந்தைய நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுக்க ஒரே கூட்டமும் இருக்காது. மாலை நாலு மணியிலிருந்து ஆறரை வரை குழந்தைகள். அவர்கள் கையில் பத்து ரூபாய், இருபது ரூபாய் இருக்கும். ஏழு மணிக்கு மேல் குடும்பமாக வருவார்கள், சுண்டலும் பாப்கார்னும் அப்போதுதான் ஓடும். பத்து மணிக்கு மேல் குழந்தைகள் தூங்கப் போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் ஆண்களுக்குத் தேவை டீ, பிஸ்கட், முறுக்கு, காரம். பத்து மணிக்கு மேல் இனிப்பு விற்று நான் பார்த்ததில்லை. இந்த மூன்று வேளைக்கும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: பட்டியலை எட்டுக்குள் வையுங்கள்

கடை நிறைந்து தெரிய வேண்டும் என்று இருபது வகை வாங்கத் தோன்றும். வகை கூடினால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிஞ்சும், எல்லா மிச்சமும் சேர்ந்தால் பெரிய தொகை. எங்கள் பட்டியல் இப்போது இவ்வளவுதான்: பாப்கார்ன், கொண்டைக்கடலைச் சுண்டல், காராச்சேவு, முறுக்கு, கடலைமிட்டாய், பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட், குளிர்பானம். டீ தனியாக ஒரு அண்ணன் போடுகிறார்.

எங்களுக்கு ஊர் அமைந்த இடமே ஒரு வசதி. காராச்சேவுக்குச் சாத்தூர், கடலைமிட்டாய்க்குக் கோவில்பட்டி. இரண்டுமே பக்கம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணப்பாறை முறுக்குக்கு 2023இல் கிடைத்தது. உங்கள் பக்கத்தில் பேர்போன பண்டம் ஏதாவது இருந்தால் அதைப் பட்டியலில் கண்டிப்பாகச் சேருங்கள். வெளியூரிலிருந்து வரும் அணிகளும் அவர்களோடு வரும் ஆட்களும் ஊருக்குத் திரும்பும்போது கால் கிலோ, அரைக் கிலோ என்று கட்டிக்கொண்டு போவார்கள். அந்த விற்பனை நம் கூட்டக் கணக்கில் வராத தனி வருமானம்.

சாக்லேட்டை நான் வாங்குவதில்லை. அதிலுள்ள கோக்கோ வெண்ணெய் 34 டிகிரி வெப்பத்தை ஒட்டி உருகிவிடும். தை மாதத்தில் தப்பித்தாலும், பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் பகல் இரண்டு மணிக்கே உறைக்குள் குழைந்துவிடும். கடலைமிட்டாய் அந்த வெயிலைத் தாங்கும்.

மூன்றாம் படி: சரக்கை மூன்றாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பொருளையும் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மிஞ்சினால் என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும்.

முதல் வகை, கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வது. பெட்டி பிரிக்காத பிஸ்கட், பிரிக்காத குளிர்பானக் கேஸ், அறுக்காத சிப்ஸ் சரம் இதில் வரும். இவற்றைக் கொஞ்சம் தாராளமாகவே வாங்கலாம், ஆனால் திரும்ப எடுப்பார்களா என்பதை வாங்கும்போதே பேசிவிட வேண்டும்.

இரண்டாம் வகை, மூலப்பொருளாக இருக்கும்வரை கெடாதது. காய்ந்த கொண்டைக்கடலை, பொரிக்காத சோளம், பொரிக்காத அப்பளம், எண்ணெய், சர்க்கரை. இது மிஞ்சினால் யார் வீட்டிலாவது பயன்படும், மன்றத்து ஆட்களே வாங்கின விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். என் அனுபவத்தில் பெரிய லாபம் இந்த வகையில்தான் இருக்கிறது. ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். பாப்கார்ன் சோளம் நன்றாகப் பொரிந்தால் தன் அளவைப்போல் ஏறக்குறைய நாற்பது மடங்கு வரை விரியும். கூட்டம் வருவதைப் பார்த்த பிறகு ஊறவைத்ததில் எவ்வளவு வேகவைப்பது, எத்தனை ஈடு பொரிப்பது என்று முடிவு செய்யலாம். கொண்டைக்கடலை மட்டும் எட்டு மணி நேரம் ஊற வேண்டும் என்பதால் காலையிலேயே முடிவெடுத்தாக வேண்டும். நாங்கள் கணக்கில் முக்கால் பங்கை மட்டும் ஊறவைப்போம். தீர்ந்துவிட்டால் பாப்கார்ன் அந்த இடத்தை ஈடுகட்டும்.

மூன்றாம் வகை, வாங்கியதும் நாள் எண்ணத் தொடங்கும் பண்டங்கள். லூசாக வாங்கும் காராச்சேவு, முறுக்கு, மிக்சர், பொரி எல்லாம் இதில் அடங்கும். இவற்றைக் கணக்கிட்டதில் எண்பது சதவீதம் மட்டும் வாங்குவேன். தீர்ந்துபோய் நாலு பேர் ஏமாந்து திரும்பினாலும் பரவாயில்லை, அவர்கள் வேறு ஏதாவது வாங்குவார்கள். மிஞ்சி நமத்தால் அதற்கு மாற்று இல்லை.

நான்காம் படி: எதை எங்கே வாங்குவது

எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினால் அலைச்சல் குறையும், லாபமும் குறையும்.

பாக்கெட் சரக்குக்கு உங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்கு வரும் லைன் வண்டிதான் சரியான வழி. அந்த வண்டி எந்த ஏஜென்சியிலிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டு, பத்து நாளுக்கு முன்பே ஏஜென்சியில் பேசுங்கள். பெரிய கம்பெனி சரக்கில் மார்ஜின் குறைவு. ஆனால் தேதி பார்த்து மாற்றித் தருவார்கள், பத்து சரத்துக்கு ஒன்று இலவசம் என்பது போன்ற ஸ்கீமும் சில நேரம் இருக்கும். குளிர்பான ஏஜென்சியில் இரண்டு நாளுக்கு ஐஸ் பெட்டி இரவல் கேட்கலாம், கேஸ் கணக்கில் எடுத்தால் பெரும்பாலும் தருவார்கள். எங்கள் பக்கத்தில் காளிமார்க் பானங்களுக்கு இன்றும் தனி மவுசு உண்டு. 1916இல் விருதுநகரில் தொடங்கிய கம்பெனி அது. பவண்டோ இல்லாமல் கடை போட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

காராச்சேவு, முறுக்கு போன்ற லூஸ் சரக்கைப் போடுகிற இடத்திலேயே வாங்குங்கள். மொத்தக் கடையில் டின்னில் இருப்பது என்றைக்குப் போட்டது என்று தெரியாது. பட்டறையில் ஆர்டர் கொடுத்தால் வெள்ளிக்கிழமை போட்டதைச் சனிக்கிழமை காலையில் எடுக்கலாம். பத்து கிலோவுக்குக் குறைந்தால் சில பட்டறைகளில் தனி ஈடு போட மாட்டார்கள். அப்படியென்றால் பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவரோடு சேர்ந்து சொல்லிப் பங்கு பிரித்துக்கொள்ளலாம்.

கடலை, சோளம், கொண்டைக்கடலை, எண்ணெய்க்கு மொத்த மளிகைச் சந்தை. தெற்கே இருப்பவர்களுக்கு விருதுநகரும் மதுரை கீழமாசி வீதியும், கொங்குப் பக்கம் கோவை ரங்கே கவுடர் வீதி, சேலத்தில் லீ பஜார், சென்னையில் ஜார்ஜ் டவுன் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் வெளியூர் லோடு ஏற்றும் நேரம், சில்லறையாகப் பத்து கிலோ கேட்பவரைக் கவனிக்க அங்கே யாருக்கும் கை ஒழியாது. ஆயுத பூஜையை ஒட்டிப் பொரி, பொட்டுக்கடலை விலை ஏறிக் கிடக்கும், அந்த வாரத்தில் விழா வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கையில் எடுத்து, முகர்ந்து, கடித்துப் பாருங்கள்

மொத்தக் கடையில் சாம்பிள் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்டால்தான் மதிப்பார்கள்.

எண்ணெய்ப் பண்டத்தில் முதலில் மூக்கு. டின்னைத் திறந்ததும் சிக்கு வாடை அடித்தால் மூடிவிட்டு நகருங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் போட்டது கையில் பிசுபிசுப்பாக ஒட்டும், நிறம் கறுத்திருக்கும், தின்ற பிறகு தொண்டையில் கரகரப்பு நிற்கும். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் கழிவுகளைப் போலார் கூட்டுப்பொருள்கள் என்பார்கள். பொரிக்கும் எண்ணெயில் அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நம் கையில் கருவி இல்லை, மூக்கும் தொண்டையும் இருக்கின்றன. கண்ணாடிக் கவரில் கட்டி வெயில் படும்படி தொங்கவிட்ட சரக்கையும் எடுக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் பட்டால் எண்ணெய் வேகமாகக் காறிவிடும்.

முறுக்கில் உடைசல் எவ்வளவு என்று டின்னின் அடியிலிருந்து கை விட்டுப் பாருங்கள். மேலே முழு முறுக்கு, அடியில் நொறுங்கல் என்று இருக்கும். எண்ணி விற்கும் கடைக்கு உடைசல் முழு நஷ்டம்.

வேர்க்கடலையில் எனக்குச் சமரசமே கிடையாது. ஒரு பிடி எடுத்துத் தோலை உரித்துப் பருப்பைப் பிளந்து பார்ப்பேன். கறுத்தது, பச்சைப் பூஞ்சை படிந்தது, சுருங்கியது, கசப்பது எது இருந்தாலும் அந்த மூட்டை வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரலைத் தாக்கக்கூடியது, வறுத்தாலும் முழுமையாகப் போகாது. கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைகிறதென்று ஊர்க் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க முடியாது.

பாப்கார்ன் சோளத்துக்கு ஈரப்பதம் முக்கியம். உள்ளே இருக்கும் 14 சதவீதத்தை ஒட்டிய ஈரம்தான் ஆவியாகி மேல்தோலை வெடிக்க வைக்கிறது. பழைய சோளம் காய்ந்துபோய்ப் பாதி பொரியாமல் அடியில் நிற்கும். நூறு கிராம் வாங்கி வீட்டில் குக்கரில் பொரித்து, பொரியாமல் நின்றதை எண்ணிப் பார்த்த பிறகுதான் மூட்டைக்குச் சொல்வேன். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியவை: தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, எம்.ஆர்.பி., நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண். மேல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒரு வருடம் மொத்தக் கடை ஒன்றில் பெட்டியின் மேலே புதுச் சரமும் அடியில் தேதி முடிய நாலு நாளே இருந்த சரமும் கலந்து கட்டியிருந்தார்கள். இறக்கும்போதுதான் பார்த்தோம், திரும்பக் கொண்டுபோக நேரமில்லை. இப்போது பெட்டிக்கு இரண்டு சரம் அடியிலிருந்து உருவிப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. காற்று இறங்கித் தளர்ந்த பாக்கெட்டையும் ஒதுக்குங்கள், உள்ளே நமத்திருக்கும்.

கலர் போட்ட பஞ்சுமிட்டாயை மொத்தமாகத் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். துணிக்குப் போடும் ரோடமின் பி சாயம் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. அடிக்கிற நிறத்தில் எது வந்தாலும் எங்கள் கடையில் இடமில்லை.

ஆறாம் படி: விலைக் கணக்கு

இங்கே சொல்லும் விலைகள் கணக்குப் புரிவதற்கான உதாரணம், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டு பாக்கெட் உள்ள பத்து ரூபாய் சரம் 106 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் விற்றால் 120, லாபம் 14 ரூபாய். இரண்டே பாக்கெட் கிழிந்தோ நமத்தோ போனால் கையில் வருவது 100, ஆறு ரூபாய் நஷ்டம். பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது என்பது சட்டம். கூலிங் சார்ஜ் என்று குளிர்பானத்துக்குக் கூடுதலாகக் கேட்பதும் தவறு. ஆகவே பாக்கெட் சரக்கில் விற்கும் விலையைக் கூட்ட வழியே இல்லை, மிச்சத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

காராச்சேவு கிலோ 240 ரூபாய் என்போம். 50 கிராம் பொட்டலம் 20 ரூபாய். கிலோவுக்கு இருபது பொட்டலம் வர வேண்டும், அடித்தூள் போகப் பத்தொன்பதுதான் வரும். 380 ரூபாய். காகிதப் பை ஒன்று ஒன்றரை ரூபாய் என்றால் சுமார் 29 ரூபாய் கழியும். கிலோவுக்கு 110 ரூபாய் போல நிற்கும். கால் கிலோ மிஞ்சினாலும் கையைக் கடிக்காது. பாப்கார்னிலும் சுண்டலிலும் இதைவிடக் கூடுதலாக நிற்கும், ஆனால் எண்ணெய், கேஸ், தாளிப்பு, நிற்கும் ஆளின் உழைப்பு எல்லாவற்றையும் செலவில் எழுதுங்கள். வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் பெரும்பாலும் விட்டுப்போகும். குறிப்பாகப் பொரிக்கு. எடையே இருக்காது, ஆனால் நாலு மூட்டையிலேயே குட்டியானையின் பாதி இடம் போய்விடும்.

விற்பனை விலை பத்து, இருபது, முப்பது என்று மட்டும் இருக்கட்டும். ஐந்து நொடிக் கணக்கில் சில்லறை தேட நேரமில்லை. க்யூஆர் அட்டையும், பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கரும் இருந்தால் வரிசை வேகமாக நகரும். இருந்தாலும் பத்து ரூபாய் நோட்டாகவும் காசாகவும் கொஞ்சம் மாற்றி வைத்திருங்கள், கூட்டத்தில் சிக்னல் நின்றுவிடும்.

ஏழாம் படி: பேசி முடிப்பது

பேரம் பேசும்போது கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் மூன்று கேள்வி கேட்பேன். மிஞ்சினால் எடுப்பீர்களா? சனிக்கிழமை இரவு தீர்ந்தால் ஞாயிறு காலையில் கிடைக்குமா? டேமேஜ் இருந்தால் மாற்றித் தருவீர்களா?

நான் வழக்கமாக வாங்கும் கடையில் முதல் தடவை இப்படித்தான் நடந்தது.

“அண்ணாச்சி, பிஸ்கட் பத்துப் பெட்டி எடுக்கேன். மிஞ்சுனா எடுத்துக்கிடுவீங்களா?”

“பெட்டி பிரிக்காம இருந்தா கொண்டாங்க தம்பி. திங்கட்கிழமை கழிச்சு வந்தா எடுக்க மாட்டேன்.”

அந்த ஒரு வார்த்தை இரண்டு ரூபாய்த் தள்ளுபடியைவிடப் பெரிது. அதைப் பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பில் கட்டாயம் வேண்டும். மன்றத்துக்குக் கணக்குக் காட்டுவதற்கும், சரக்கில் குறை வந்தால் கேட்பதற்கும் அதுதான் ஆதாரம். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கும் பாக்கெட் காரவகைகளுக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் பழைய வரி போட்டிருந்தால் சொல்லித் திருத்துங்கள்.

எட்டாம் படி: கொண்டுவந்து வைப்பது

முறுக்கு டின்னையும் சிப்ஸ் பெட்டியையும் கடைசியாக ஏற்றி, முதலில் இறக்குங்கள். எண்ணெய், சோப்பு, பெட்ரோல் கேன் பக்கத்தில் தின்பண்டம் வேண்டாம், வாடை பிடித்துக்கொள்ளும்.

திடலில் வைக்கும்போது தரையில் நேராக வைக்காமல் மரப்பலகையோ செங்கல்லோ அடுக்கி அதன் மேல் வையுங்கள். மேலே தார்ப்பாய் போடுங்கள், பனியும் திடீர் மழையும் கீற்றைத் தாண்டி வரும். முழுச் சரக்கையும் கடைக்குக் கொண்டுவராமல் பக்கத்து வீடு ஒன்றில் வைத்து, தேவைக்கு எடுப்பதே நல்லது. ஒரு டின்னைத் திறந்தால் தீரும்வரை அடுத்ததைத் திறக்கக் கூடாது என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். திறந்த டின்னுக்கு மூடி போட மறந்தால் அரை மணி நேரத்தில் மொறுமொறுப்பு போய்விடும்.

ஒன்பதாம் படி: பை, கப், பதிவு

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கேரிபேக், பிளாஸ்டிக் கப், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பு எல்லாம் அதில் அடக்கம். காகிதப் பை, பாக்குமட்டைத் தட்டு, தொன்னை வாங்குங்கள். சுண்டலுக்குத் தொன்னைதான் அழகு, விலையும் குறைவு. செய்தித்தாளில் மடிக்க வேண்டாம். அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் அதற்கும் தடை இருக்கிறது. பையை விற்பனைக் கணக்கைவிட ஒரு நூறு கூடுதலாக வாங்குங்கள், மிஞ்சினால் அடுத்த வருடத்துக்கு ஆகும்.

லூஸ் சரக்கை முன்கூட்டியே எடை போட்டு ஒட்டி வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் அது பொட்டலப் பொருளாகி, லேபிள் விவரமெல்லாம் அச்சிட வேண்டிவரும். ஒரே அளவுக் கரண்டி ஒன்றை 50 கிராமுக்குப் பழக்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது அள்ளிக் கொடுங்கள். ஐந்து நொடிக்குள் முடியும்.

உணவு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், தற்காலிகக் கடைக்கும் இது பொருந்தும். அதற்கென்று உள்ள ஃபோஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். போட்டி பள்ளித் திடலில் நடந்தால், பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவை மாணவர்களுக்கு விற்க 2020ஆம் ஆண்டு விதிமுறை தடுக்கிறது. தலைமையாசிரியரிடம் பேசி, பட்டியலைச் சுண்டல், அவித்த கடலை, பழம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அடுப்புக்கு வீட்டு சிலிண்டர் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர் எடுங்கள். அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் குழந்தைகள் நிற்கும் பக்கம் இருக்கக் கூடாது. பக்கத்தில் மணல் வாளி வையுங்கள்.

பத்தாம் படி: இரண்டாம் நாளுக்கான கொள்முதல் முதல் நாள் இரவில்

முதல் இரவு கடை சாத்தியதும் எவ்வளவு தூக்கம் வந்தாலும் மிச்சத்தை எண்ணுங்கள். எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதும் வேண்டும். எட்டு மணிக்கே தீர்ந்த பொருளுக்கும் பதினொன்றுக்குத் தீர்ந்த பொருளுக்கும் மறுநாள் வாங்க வேண்டிய அளவு வேறு. எட்டு மணிக்குத் தீர்ந்ததை இன்னும் பாதி கூட்டி வாங்குவேன். பதினொன்றுக்குத் தீர்ந்தது சரியான அளவு, தொடாதீர்கள். மிஞ்சியதை மறுநாள் வாங்கவே வேண்டாம். இறுதி ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகம் என்று தோன்றும், ஆனால் நம் ஊர் அணி அரையிறுதியிலேயே தோற்றுவிட்டால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை லூஸ் சரக்கை இரண்டு தவணையாக எடுப்போம். காலையில் ஒரு பங்கு, அரையிறுதி முடிந்ததும் பட்டறைக்குப் போன் போட்டு மறு பங்கு.

வேகவைத்த சுண்டல் மிஞ்சினால் மறுநாளுக்கு வைக்காதீர்கள். தேங்காய் சேர்த்தது விடிவதற்குள் ஊசிவிடும். இரவே லைட் செட் ஆட்களுக்கும் வாலண்டியர் பையன்களுக்கும் கொடுத்துவிடுங்கள், ராத்திரி முழுக்க நின்ற பசி அவர்களுக்கு.

திங்கட்கிழமை காலையில் பிரிக்காத பெட்டிகள் எல்லாம் அண்ணாச்சி கடைக்குப் போகும். காலிக் கேஸும் ஐஸ் பெட்டியும் ஏஜென்சிக்கு. போன வருடம் எங்களுக்கு மிஞ்சியது ஆறு பிஸ்கட் பெட்டி, இரண்டு கேஸ் குளிர்பானம், மூன்று கிலோ சோளம், ஒன்றரைக் கிலோ காராச்சேவு. பெட்டியும் கேஸும் திரும்பிப் போயின, சோளம் என் வீட்டு டப்பாவில் இருந்தது, காராச்சேவை மன்றத்துக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது பங்கு வைத்தோம். அந்தக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், மணி வாரியாக எது எவ்வளவு விற்றது என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த வருடம் வாங்கப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவோம்.